தூர்வாரியும் கண்மாய் நிறையாதது ஏன்?

கோடையில் பொக்லைன் இறங்கிக் கண்மாயை ஆழப்படுத்துகிறது. கரையோரம் மண் மலைபோலக் குவிகிறது. ஐப்பசியில் மழையும் பெய்கிறது. ஆனால் வயலுக்குத் தண்ணீர் விடும் மடையைத் திறந்தால் தண்ணீர் வருவதில்லை. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் பல ஊர்களில் இதுதான் நிலை. காரணத்தைப் பெரும்பாலும் கண்மாய்க்கு வெளியேதான் தேட வேண்டும்.

முதலில் மூன்று மட்டங்களைப் புரிந்துகொள்வோம். மடையின் அடிமட்டம் ஒன்று. மிகுதித் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கின் மேல்மட்டம் இரண்டாவது. தண்ணீர் அதைத் தாண்டினால் மறுகால், அதாவது வழிந்தோடும் மிகுதி நீர், பாயத் தொடங்கும். கரையின் உச்சி மூன்றாவது. சிறு கண்மாய்களிலும் அது கலுங்கைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காற்றடிக்கும் நாளில் அலை கரையைத் தாண்டிவிடும். மடைக்கும் கலுங்குக்கும் இடையில் நிற்கும் தண்ணீர் மட்டுமே தானாக வயலுக்குப் பாயும். மடைக்குக் கீழே நிற்பது ஆடுமாடுக்கும் மீனுக்கும் நிலத்தடி ஊற்றுக்கும் உதவும். ஆயக்கட்டுக்கு, அதாவது கண்மாய்ப் பாசன வயல்களுக்கு, ஒரு சொட்டும் போகாது.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்றால் 10,000 லிட்டர். கண்மாய்க்குத் தண்ணீர் தரும் நீர்ப்பிடிப்பு 500 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 மி.மீ. மழை பெய்தால் விழுவது 20 கோடி லிட்டர். அத்தனையும் ஓடி வராது. காய்ந்த மண் முதல் மழையைக் குடித்துவிடும். பிறகு மண் நனைந்திருக்கும்போது பத்தில் ஒரு பங்கு ஓடி வந்தது என்று வைத்துக்கொண்டால், கண்மாய்க்குச் சேர்வது 2 கோடி லிட்டர். அதே கண்மாயில் 10 ஹெக்டேர் பரப்பை மடை மட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டர் தோண்டியிருந்தால், அந்தப் பள்ளம் மட்டும் 10 கோடி லிட்டர் கேட்கும். அதாவது, இப்படி ஐந்து மழை பெய்த பிறகுதான் மடைக்குத் தண்ணீர் எட்டும். நிலத்தடி நீருக்காகத் தோண்டுகிறோம் என்றால் அது வேறு. அதைச் சொல்லிவிட்டே தோண்ட வேண்டும். மடைப் பாசனத்துக்கு என்றால், வண்டல் படிந்து மேடான பகுதியை மடை மட்டம்வரை எடுப்பதோடு நிறுத்திக்கொள்வதே சரி.

அதிலும் கவனம் தேவை. வண்டலுக்கு அடியில் கெட்டியான களிப்படலம் இருக்கும். தண்ணீரைப் பிடித்து வைப்பது அதுதான். அதை உடைத்து மணலைத் தொட்டுவிட்டால் நின்ற தண்ணீர் வேகமாக இறங்கிவிடும். கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டுவது இன்னும் ஆபத்து: தாங்குமண் போனபின் கரை உட்பக்கமாகச் சரியும்.

சரி, தண்ணீர் எங்கே தடைபடுகிறது? கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில்தான். சீமைக்கருவேல் அடைத்த கால் எல்லார் கண்ணிலும் படும். கண்ணில் படாத தடை ஒன்று உண்டு. சாலைக்கு அடியில் பதித்த குழாய், கால்வாய்த் தரையைவிட அரை அடி உயரமாக இருந்தால் போதும், பெருமழையில் மட்டுமே தண்ணீர் கடக்கும்; சிறுமழையின் தண்ணீர் சாலைக்கு மேட்டுப் பக்கமே தேங்கி வற்றிவிடும். நம் மழைநாட்களில் பெரும்பாலானவை இத்தகைய சிறுமழை நாட்கள்தாம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் நீளமான டியூப் மட்டம் போதும். குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கண்மாய்க்குள் கால் விழும் இடத்திலிருந்து மேல்நோக்கி, குழாய் எட்டும் தூரத்துக்கு ஒரு புள்ளியாகத் தரைமட்டத்தைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு பாலத்திலும் தண்ணீர் ஓடும் தரையின் மட்டத்தையும் தவறாமல் எழுத வேண்டும். மேலே போகப் போக மட்டம் சீராக ஏற வேண்டும்; நடுவில் ஏறி இறங்கும் இடம்தான் நோய். பொக்லைனுக்குச் செலவிடும் பணத்தில் முதல் பங்கை அந்த இடத்துக்குக் கொடுங்கள்.

நீர்ப்பிடிப்பிலும் வேலை உண்டு, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்ற வரிசையில். மேட்டுநிலத்தில் சமமட்ட வரப்பு, ஓடைத் தொடக்கத்தில் கல்லடுக்குத் தடுப்பு, கால் கண்மாயில் நுழையும் இடத்தில் கோரைப்புல் பட்டை. வண்டல் அங்கேயே படியும். ஆனால் ஓடை நெடுகத் தடுப்பணைகளை அடுக்கினால் கீழ்க்கண்மாய்க்கு ஒன்றும் வராது. மேல்கண்மாயின் மறுகால்தான் பெரும்பாலும் கீழ்க்கண்மாயின் வரத்து. இந்தச் சங்கிலியை மறந்து ஒரு கண்மாயை மட்டும் சீர்செய்வது, பக்கத்து ஊரின் பங்கை எடுத்துக்கொள்வதாகவே முடியும். கலுங்கில் மணல்மூட்டை அடுக்கி உயர்த்துவதும் அப்படித்தான். கீழூர் காய்வது ஒருபுறம். கரைக்கு விட்டுவைத்த அந்த ஒரு மீட்டர் பாதுகாப்பும் போய், அடைமழை இரவில் கரை உடையும். 10-ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழுவான ஏரி வாரியத்துக்குத் தனியே உறுப்பினர் தேர்ந்தெடுக்கும் விதியைச் சொல்கிறது. ஏரிக்கு ஆண்டு முழுவதும் பொறுப்பாளர் வேண்டும் என்பது அன்றே தெரிந்த செய்தி.

கண்மாய் நிறைந்த முதல் வாரம், கரையின் வெளிப்புற அடிவாரத்தைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். கசிவு இருப்பது இயல்பு. கசியும் நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துச் சற்றுநேரம் வையுங்கள். தெளிவாகவே இருந்தால் கண்காணித்தால் போதும். அடியில் மண் தங்கினால், கரைக்குள்ளிருந்து மண் அரித்து வருகிறது என்று பொருள்; எலிவளையோ, வெட்டிய மரத்தின் மக்கிய வேரோ உள்ளே குழாய்போல வழிவிட்டிருக்கும். அப்போது கசிவின் வாயில் களிமண்ணைத் திணித்து அடைக்கக் கூடாது, தண்ணீர் பக்கத்தில் வேறிடத்தைப் பீறிக்கொண்டு வரும். வாய்மேல் முதலில் பெருமணல், அதன்மேல் சிறுஜல்லி, பிறகு பெரிய ஜல்லி என்று பரப்பி, சுற்றிலும் மணல்மூட்டையை வளையமாக அடுக்க வேண்டும். தண்ணீர் வெளியேறும், மண் நின்றுவிடும். உடனே நீர்வளத்துறைக்கும் ஊராட்சிக்கும் தகவல் சொல்லி, மடையைத் திறந்து மட்டத்தைக் குறைக்க வேண்டும். கண்மாய் வற்றிய பிறகு அந்த இடத்தைத் தோண்டி, ஈரமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தினால்தான் வளை மூடும்.