பசியோடு போகக் கூடாது என்ற பயமும் இரண்டு கரண்டி சீனியும்

சீனி பல்லுக்குக் கூடாது என்று தெரியாத தாய் தகப்பனை நான் கொழும்பில் இன்னும் காணவில்லை. வெள்ளவத்தையிலிருந்து வந்தாலும் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தாலும், பிள்ளையைச் சிகிச்சைக் கதிரையில் இருத்தியதும் அவர்களே முந்திக்கொண்டு சொல்வார்கள்: "டொக்டர், நாங்க டொபி, சொக்கலேட் ஒண்டும் வாங்கிக் குடுக்கிறதில்லை." அது பெரும்பாலும் உண்மை. ஆனால் வாயைத் திறந்து பார்த்தால் மேல் முன்பற்கள் ஈறோரத்தில் கரைந்திருக்கும். கீழ்க் கடைவாய்ப்பல்லில் குழி விழுந்திருக்கும். டொபி நுழையாத வீட்டில் இந்தச் சூத்தை எப்படி வந்தது என்று அவர்களுக்குக் குழப்பம், வேதனை.

"இனிப்பு சாப்பிடுவானா?" என்று கேட்டால் விடை கிடைக்காது. "எழும்பினதிலிருந்து ஸ்கூல் வான் வரும்வரை என்னென்ன வாய்க்குள்ள போகுது?" என்று கேட்பேன். அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும். கண் விழித்ததும் சீனி போட்ட பால் தேத்தண்ணீர், அதில் தோய்த்த இரண்டு பிஸ்கட். பிறகு ஜாம் பூசிய பாண், இல்லாவிட்டால் பட்டர் பூசி மேலே சீனி தூவிய பாண். சில வீடுகளில் ரின்பால், அதாவது சீனி சேர்த்துக் கட்டியாக்கிய ரின்னில் வரும் பால். புட்டு என்றால் தேங்காய்ப்பூவும் சீனியும். எதையுமே சாப்பிட மறுத்தால் மோல்ட் மாவில் கரைத்த பானம் ஒரு கப். அந்த வீட்டில் இவை எல்லாம் சாப்பாடு. இனிப்பு என்பது கடையில் வாங்கும் டொபி மட்டும்தான்.

இதை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கொழும்புப் பிள்ளையின் காலை அவ்வளவு குறுகியது. பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது, ஸ்கூல் வான் 6 மணியைத் தாண்டியதும் வாசலில் நிற்கிறது. அரைத் தூக்கத்தில் இருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பசி எடுப்பதில்லை. தாயும் வேலைக்குக் கிளம்ப வேண்டும். இடைவேளை பத்து மணிக்குப் பிறகுதான். "ஒரு கப் உள்ளுக்கு இறங்கினாத்தான் எனக்கு நிம்மதி டொக்டர்" என்று ஒரு தாய் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. பிள்ளை வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்ற பயம் நியாயமானது. சீனி அந்தப் பயத்துக்கு வேலை செய்கிறது, மறுக்கிற வாயைத் திறக்க வைக்கிறது. ஆகவே "சீனியை நிப்பாட்டுங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அந்தத் தாய் அடுத்த நாள் காலையில் என்ன செய்வார்?

தகப்பன்மாரிடம் வேறொரு நம்பிக்கை இருக்கிறது. "வளர்ற பிள்ளை, ஓடித்திரியிறவன், எல்லாம் எரிஞ்சு போயிடும்தானே." உடம்பில் எரியலாம். பல்லில் நடப்பது வேறு. சீனி வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்கிவிடும். அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சிலிருந்து கல்சியத்தை இழுத்து எடுக்கும். உமிழ்நீர் அதைச் சமப்படுத்தி, இழந்ததைத் திரும்பச் சேர்க்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை வேண்டும். அதற்குள் அடுத்த மிடறு போனால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வருடத்தில் இது இன்னும் கூடும். மூளைக்குச் சீனி தேவை என்று காலையும் மாலையும் மோல்ட் கரைத்துக் கொடுக்கிறார்கள். மூளைக்குக் குளுக்கோசு தேவை என்பது சரி. இடியப்பமும் புட்டும் கடலையும் வயிற்றில் குளுக்கோசாகத்தான் மாறுகின்றன. கடலையும் பயறும் அதை ஆறுதலாக, பல மணி நேரத்துக்குக் கொடுக்கின்றன.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது வானில் கொண்டுபோகும் உறிஞ்சு போத்தல். வீட்டில் குடித்து முடிக்காத மோல்ட்டை அதில் ஊற்றிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கொழும்பின் பிரதான சாலையான காலி வீதியின் நெரிசலில் வான் ஊர்ந்து ஊர்ந்து போகும். பிள்ளை ஒரு மிடறு உறிஞ்சும், ஜன்னலால் பார்க்கும், பிறகு இன்னொரு மிடறு. பாடசாலை வாசலில் இறங்கும்வரை பல் அமிலத்தில் ஊறியபடியே இருக்கும். அதே கப்பை மேசையில் இருந்து பத்து நிமிடத்தில் குடித்து முடித்திருந்தால் சேதம் எவ்வளவோ குறைவு. எவ்வளவு சீனி என்பதோடு எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதையும் பார்க்க வேண்டும். பெற்றோர் ஒரே ஒரு மாற்றம்தான் செய்வார்கள் என்றால், அந்தப் போத்தலில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும்படி கேட்பேன்.

அளவையும் ஒருமுறை கூட்டிப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, சேர்த்த சீனியிலிருந்தும் தேன், பாணி, பழச்சாறு போன்றவற்றிலிருந்தும் வரும் சக்தி, நாள் முழுவதற்குமான சக்தியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ 1,300 கலோரி என்று வைத்தால், 10 சதவீதம் என்பது 32 கிராம், 5 சதவீதம் என்பது 16 கிராம். மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம். எங்கள் வீடுகளில் யாரும் மட்டமாக அள்ளுவதில்லை. ஒரு தட்டையும் சீனிப் போத்தலையும் தாயிடம் கொடுத்து, வீட்டில் போடுகிற மாதிரியே போடச் சொல்வதுண்டு; குவிந்து விழும் அந்த இரண்டு கரண்டி 12 கிராமுக்குக் கிட்ட வரும். பாணில் பூசும் ஒரு மேசைக்கரண்டி ஜாமில் இன்னொரு 10 கிராம். வான் ஹோர்ன் அடிப்பதற்குள் 16 கிராம் தாண்டிவிட்டது. மோல்ட் மாவிலும் பிஸ்கட்டிலும் ஏற்கெனவே உள்ளதை நான் இன்னும் கூட்டவில்லை. பக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாக எழுதுவார்கள். சீனி எத்தனையாவது இடத்தில் நிற்கிறது?

இடைவேளைக்கென்று பையில் வைக்கும் சின்ன இனிப்புப் பானப் பெட்டி வேறு. இலங்கையில் 2016 ஓகஸ்டிலிருந்து இனிப்புப் பானங்களுக்கு நிறக்குறி கட்டாயம்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. நல்ல திட்டம், நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் மஞ்சளைக் கண்டதும் பெற்றோர் பிரச்சினை இல்லை என்று எடுத்துவிடுகிறார்கள். மஞ்சளின் எல்லை மிக அகலம். 100 மில்லிலீற்றருக்கு 8 கிராம் உள்ள பானமும் மஞ்சள்தான். 180 மில்லிலீற்றர் பெட்டி ஒன்றைக் குடித்து முடித்தால் 14 கிராமுக்கு மேல் போய்விடும். காலையின் 22 கிராமோடு சேர்த்தால் 32 கிராம் எல்லையும் பத்து மணிக்கே முடிந்துவிடும்.

2022 பொருளாதார நெருக்கடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால்மா கிடைக்காமல் வரிசையில் நின்ற நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். விலை ஏறிய பிறகு சில வீடுகளில் மாவின் அளவு குறைந்தது, சீனியின் அளவு குறையவில்லை. பால் தேத்தண்ணீர் வெறும் தேத்தண்ணீராகி, பிஸ்கட்டோடு காலைச் சாப்பாடாகிவிட்டது. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அவர்களுக்கு விலை கூடிய மாற்று எதையும் நான் சொல்வதில்லை.

சீனிக்குப் பதிலாகத் தேனோ பனங்கட்டியோ கித்துள் பாணியோ பாவிக்கலாமா என்று கேட்பார்கள். பல்லுக்கு வித்தியாசம் இல்லை.

அடுத்தது, "பால்பல்தானே, விழுந்திடும்" என்பது. முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். பால் கடைவாய்ப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியவை. ஐந்து வயதில் சூத்தையானால் பிள்ளை அத்தனை வருடமும் ஒரு பக்கத்தால் மென்று, இரவில் வலியோடு எழும்பும். பிடுங்க வேண்டி வந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, வரப்போகும் பல்லுக்கு இடம் இல்லாமல் போகலாம். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது போனால் வேறு வராது.

என்ன செய்யலாம்? சீனியை ஒரேயடியாக நிறுத்தினால் பிள்ளை கப்பைத் தள்ளிவிடும், தாய் மூன்றாம் நாள் பழைய அளவுக்கே போய்விடுவார். கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கள். ஒரு மாதத்துக்குள் நாக்கு பழகிவிடும், முக்கால்வாசிப் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை. மோல்ட்டுக்கு மேலதிகச் சீனியே வேண்டாம். கடையில் வாங்கும் இடியப்பத்தைச் சம்பலோடு முதல் நாள் இரவே எடுத்து வையுங்கள். இரவில் ஊறப்போட்ட கௌபியோ கடலையோ காலையில் அவிந்துவிடும், தேங்காய்ப்பூவும் உப்பும் போதும். பயறு ஊறவே தேவையில்லை. விடியற்காலையில் பிள்ளைக்குப் பசி இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். அரை வாழைப்பழமும் சீனி குறைந்த ஒரு கப் பாலும் கொடுத்து, உண்மையான சாப்பாட்டை இடைவேளைப் பெட்டியில் அனுப்புங்கள். அந்த நேரம் பசித்திருக்கும், சாப்பிடும்.

அம்மம்மாவோ உம்மும்மாவோ வீட்டில் இருந்தால் அவரையும் ஒருநாள் கூட்டி வாருங்கள். காலைக் கப்பைக் கரைப்பது பல வீடுகளில் அவர்தான். சீனி குறைத்தால் பேரப்பிள்ளை மெலிந்துவிடும் என்ற அவருடைய பயத்தை மருமகளோ மகளோ சொல்லித் தீர்க்க முடியாது. பிள்ளையின் பல்லை அவருக்கே காட்டி நான் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறார்.

இன்று இரவே ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளையின் மேல் உதட்டைத் தூக்கி, முன்பற்களின் ஈறோரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சுண்ணாம்பு பூசியது போன்ற மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சூத்தையின் தொடக்கம், இந்தக் கட்டத்தில் துளையிடாமலே திருப்பிவிடலாம். 1,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1,000 பங்கு) புளோரைட் உள்ள பற்பசையை மூன்று வயதுக்குள் அரிசியளவும், அதன்பின் ஆறு வயதுவரை பட்டாணியளவும் எடுத்துப் படுக்கப் போகுமுன் நீங்களே தீட்டிவிடுங்கள். பிறகு தண்ணீர் மட்டும். கோடு மண்ணிறமானால், குழி தெரிந்தால் தாமதிக்காதீர்கள். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலும் கொழும்பு வோட் பிளேஸில் உள்ள அரசாங்கப் பல் வைத்தியசாலையிலும் கட்டணம் இல்லை. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே கொண்டு போங்கள், அடுத்த நாள் பாடசாலை இருந்தாலும் பரவாயில்லை.