நிலநடுக்கத்துக்குப் பிறகு வரையப்பட்ட நகரம்

2010 ஜனவரி 12, மாலை 4.53. ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் 7.0 அளவில் நிலம் நடுங்கியது. அதிபர் மாளிகை இடிந்தது. ஐ.நா. அமைதிப்படையின் தலைமையகம் இடிந்ததில் அதன் தலைவரே இறந்துபோனார். பல நாடுகளிலிருந்து மீட்புக் குழுக்கள் வந்து இறங்கின. ஆனால் எந்தத் தெரு எங்கே போய்ச் சேரும் என்று அவர்களுக்குத் தெரியாது. யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இணைய மேப்பில் அந்தப் பெருநகரம் சில பெரிய சாலைகளாக மட்டுமே இருந்தது.

சில வாரங்களுக்குள் அதே மேப்பில் சந்துபொந்துகள்கூட வந்துவிட்டன. வரைந்தவர்கள் 600-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள். பெரும்பாலோர் ஹைட்டி மண்ணை மிதித்ததே இல்லை.

அவர்கள் வரைந்தது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில். 2004-ல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது இது. விக்கிப்பீடியாவைப் போல யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நிலநடுக்கம் நடந்த ஓரிரு நாளில், வழக்கமாக நல்ல விலைக்கு விற்கும் செயற்கைக்கோள் படங்களை ஜியோஐ, டிஜிட்டல்குளோப் நிறுவனங்கள் திறந்துவிட்டன. அவற்றில் கூர்மையானவற்றில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். ஒரு காரை அடையாளம் காணலாம், மனிதரைக் காண முடியாது. தெருவையும் கூரையையும் வரைய அது தாராளம்.

படம் கிடைத்ததும் அப்படியே வரையத் தொடங்கிவிட முடியாது. செயற்கைக்கோள் பெரும்பாலும் சாய்வாகப் பார்த்துத்தான் படமெடுக்கிறது. போர்ட்-ஓ-பிரின்ஸ் போல மலைச்சரிவில் ஏறிக்கிடக்கும் நகரத்தில், படத்தில் தெரியும் சாலை உண்மையான இடத்திலிருந்து சில மீட்டர் விலகி விழும். ஜிபிஎஸ் கருவியோடு யாராவது அந்தச் சாலையில் போயிருந்தால் அவர் போன தடம் பதிவாகியிருக்கும். அந்தத் தடத்தோடு படத்தை நகர்த்திப் பொருத்திவிட்டுத்தான் வரைய வேண்டும்.

வரைவது என்றால் சாலையின் தொடக்கத்தில் ஒரு க்ளிக், ஒவ்வொரு வளைவிலும் ஒரு க்ளிக். ஒவ்வொரு க்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை கொண்ட ஒரு புள்ளி. புள்ளிகளைக் கோர்த்தால் கோடு. அந்தக் கோட்டுக்கு ‘குடியிருப்புச் சாலை’, ‘பாலம்’ என்று ஒரு குறிப்பு. இரண்டு சாலைகள் சந்திக்கும் இடத்தில் இரண்டு கோடுகளும் ஒரே புள்ளியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இதில் நுணுக்கம். ஒன்றின் மேல் ஒன்று கடந்துபோவதாக மட்டும் வரைந்துவிட்டால், பார்க்கிறவர் கண்ணுக்கு அது நாற்சந்தி. வழி சொல்லும் மென்பொருளுக்கோ அங்கே திரும்பவே முடியாது. ஆம்புலன்ஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும்.

இப்படி வரைந்ததைக் கார்மின் ஜிபிஎஸ் கருவிகளுக்கு ஏற்ற கோப்பாக மாற்றி அடிக்கடி வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி மீட்புக் குழு அதைத் தன் கருவிகளில் ஏற்றிக்கொண்டு களத்தில் இறங்கியது. மேப் கருவிக்குள்ளேயே இருப்பதால் நெட்வொர்க் செத்துப்போன இடத்திலும் வேலை செய்யும்.

முதல் நாட்களில் குழப்பமும் இருந்தது. ஒரே தெருவை இரண்டு பேர் வரைவார்கள், பக்கத்துத் தெருவை யாருமே தொடமாட்டார்கள். இந்த அனுபவத்திலிருந்து 2010-லேயே ஒரு தனி அமைப்பு பிறந்தது: மனிதாபிமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் குழு, சுருக்கமாக ‘ஹாட்’. அவர்களுடைய இணையக் கருவி பேரிடர்ப் பகுதியைச் சதுரங்களாக வெட்டுகிறது. ஒருவர் ஒரு சதுரத்தை எடுத்தால் அது மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும். அவர் முடித்ததும் இன்னொருவர் சரிபார்ப்பார்.

இதே ஹைட்டியில் இன்னொரு முயற்சிக்குத்தான் அதிகப் புகழ் கிடைத்தது. 4636 என்ற எண்ணுக்கு மக்கள் இலவசமாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம். கிரியோல் மொழியில் வந்தவற்றை வெளிநாடுகளில் வாழும் ஹைட்டிக்காரர்கள் சராசரியாகப் 10 நிமிடத்தில் மொழிபெயர்த்தார்கள். 2008-ல் கென்யாவில் உருவான உஷாஹிதி என்ற மென்பொருள் இப்படிப்பட்ட செய்திகளை மேப்பில் புள்ளிகளாகக் காட்டியது. ‘இன்ன பேட்டையில், இன்ன சர்ச்சுக்குப் பின்னால்’ என்று வரும் செய்திக்கு எந்தக் கணினியிடமும் விடை இல்லை. அந்தப் பேட்டையில் வளர்ந்து இப்போது வேறு நாட்டில் இருப்பவர்தான் இடத்தைக் காட்ட வேண்டும். காட்டினாலும், அந்தப் புள்ளியை வைக்க மேப்பில் தெரு இருக்க வேண்டுமே! அதனால் எனக்கென்னவோ, புள்ளி வைத்தவர்களைவிடக் கோடு போட்டவர்களுக்குத்தான் கூடுதல் பாராட்டு சேர வேண்டும் என்று தோன்றுகிறது.

மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குச் சில விஷயங்கள் அகப்படாது. ஹைட்டியில் பல கட்டடங்கள் தூண்கள் நொறுங்கி, மாடி மேல் மாடியாக அப்படியே அமுங்கின. மேலேயிருந்து பார்த்தால் கூரை முழுசாக இருக்கும், வீடு நன்றாக இருக்கிறது என்றுதான் எண்ணத் தோன்றும். 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸை ஹையான் புயல் தாக்கியபோது, எந்த வீடு எவ்வளவு சேதம் என்று தன்னார்வலர்கள் படத்தைப் பார்த்துக் குறித்தார்கள். பிறகு தரையில் போய் ஒப்பிட்டபோது நிறையத் தவறுகள். இங்கே வீடு இருந்தது என்று சொல்லப் படம் போதும். எவ்வளவு இடிந்தது என்பதை அருகில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளம் என்றால் மேகம் வேறு மறைக்கும். அதற்கு ரேடார் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன, இந்தியாவின் ரிசாட்-1 அப்படி ஒன்றாக இருந்தது. அவை அனுப்பும் அலைகள் மேகத்தை ஊடுருவும். அமைதியான நீர்ப்பரப்பு அந்த அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால், ரேடார் படத்தில் வெள்ளம் கறுப்பாகத் தெரியும். வயல்வெளியில் இது கச்சிதம். நகரத் தெருவில் அலை தண்ணீரிலும் சுவரிலும் மாறி மாறிப் பட்டுத் திரும்பி வந்துவிடுவதால், கறுக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடக்கும்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கிடைத்தது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் ஆர்வலர்கள் ஓர் இணையப் பக்கம் திறந்தார்கள். உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறதா? மேப்பில் அந்தத் தெருவை ஒரு க்ளிக் செய்தால் நிறம் மாறிவிடும். சென்னைத் தெருக்கள் ஏற்கெனவே வரையப்பட்டிருந்ததால்தான் ஒரே க்ளிக்கில் வேலை முடிந்தது.

முன்கூட்டியே வரைந்துவைக்கும் யோசனைக்கு 2014-ல் அமைப்பு வடிவமும் கிடைத்தது: செஞ்சிலுவைச் சங்கங்கள், எல்லைகளற்ற மருத்துவர்கள், ஹாட் எல்லாம் சேர்ந்து தொடங்கிய ‘மிஸ்ஸிங் மேப்ஸ்’. இப்போது கணினியே படத்தைப் பார்த்துக் கட்டடங்களை வரைந்துவிடுகிறது, ஆட்கள் திருத்தினால் போதும். ஆனால் அந்தக் கட்டடம் பள்ளியா, ஆஸ்பத்திரியா, தெருவின் பெயர் என்ன என்பது ஊர்க்காரர்கள் சொன்னால்தான் உண்டு. நேபாளத்தில் காத்மாண்டு லிவிங் லேப்ஸ் குழுவினர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலம் நடுங்கியபோது, காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் மேப்பில் இருந்தன. உலகெங்கும் இருந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களுக்கு மிஞ்சிய பெரிய வேலை மலைக் கிராமங்களும் அவற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகளும்தான்.