புது இன்ஜினை அலுங்காமல் ஓட்டினால் என்ன ஆகும்?

எங்கள் அம்பாசடருக்கு இன்ஜின் வேலை முடிந்து வந்ததும், அப்பா ஒரு மாதம் அதை நாற்பதைத் தாண்டி ஓட்டவே இல்லை. "புது ரிங், அலுங்காம ஓட்டணும்" என்பார். ரிங் என்பது சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றி மாட்டிய உலோக வளையம். அந்த மாதம் முடிவதற்குள் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. பின்னால் நீலப் புகை. மறுபடி பிரித்துப் பார்த்தபோது சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. அந்தப் பளபளப்புதான் நோய்.

போர் போட்ட, அதாவது உள்ளே கடைந்து சீராக்கிய, சிலிண்டரை வழவழவென்று விடமாட்டார்கள். கடைசியில் ஹோனிங் கற்கள் என்னும் தீட்டுக்கற்களைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் ஓட்டுவார்கள். ஒன்றையொன்று சாய்வாக வெட்டிக்கொள்ளும் மெல்லிய கீறல்கள் சுவர் முழுக்க விழும். பெரிதாக்கிப் பார்த்தால் உழுத வயல்தான். பள்ளத்தில் ஆயில் தங்கும், மேட்டின் நுனியில் புது ரிங் உரசும். ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று தேய்த்து, மேடுகள் மழுங்கி, பள்ளங்கள் மட்டும் மிஞ்சும்போது ரிங் 'உட்கார்ந்துவிட்டது' என்கிறோம். மேடுகள் கூராக இருக்கும் காலம் கொஞ்சம்தான். அதற்குள் இந்த வேலை நடந்தாக வேண்டும்.

சரி, ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எது? அதன் சொந்த விறைப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது சிறு பங்குதான். எரியும் வாயு பிஸ்டன் ஓரமாக இறங்கி, ரிங் உட்கார்ந்திருக்கும் காடிக்குள் புகுந்து, அதை முதுகுப் பக்கமிருந்து வெளியே தள்ளுகிறது. அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினில் சிலிண்டர் விட்டம் 73 மி.மீ. ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதிக்கும்போது உள்ளே அழுத்தம் 30 பார் அளவுக்கு (வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 30 மடங்கு) ஏறினாலே, பிஸ்டன் தலைமீது ஒரு டன்னுக்கு மேல் விசை விழும். அதே அழுத்தம்தான் மேல் ரிங்கின் முதுகிலும். மெல்ல உருட்டிக்கொண்டு போகும்போது இதில் ஒரு பகுதிதான் இருக்கும். ரிங் சரியாக வழிக்காத ஆயில் சுவரிலேயே தங்கி, சூட்டில் வெந்து, கீறல்களை வார்னிஷ் பூசியதுபோல் மூடிவிடும். அப்புறம் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் ரிங் உட்காராது. பிரித்து மறுபடி ஹோன் செய்வதுதான் வழி.

இரண்டாவது முறை நான் ஓட்டினேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் வரும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றினோம். பிளக்குகளை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ஸ்லோவில் விடாமல் 2000 சுற்றுக்கு மேல் வைத்து, கொஞ்சம் ஏற்றி இறக்கி, 20 நிமிடம் ஓடவிட்டோம். இது ரிங்குக்காக அல்ல, புதிதாகப் போட்ட கேமுக்காக. கேம் என்பது சுழன்று வால்வுகளைத் திறக்கும் மூக்குள்ள தண்டு; அதன் தள்ளலை வாங்கி வால்வுப் பக்கம் அனுப்பும் துண்டு டேப்பட். இந்த இன்ஜினில் டேப்பட் தட்டையானது. கேமின் மூக்கு மெல்லிய ஒரு கோட்டில் அதை அழுத்தித் தேய்க்கிறது. அங்கே ஆயில் பெரும்பாலும், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் வாரி இறைத்துத்தான் போகிறது. வேகம் குறைந்தால் இறைப்பும் குறையும். உருளை வைத்த டேப்பட்டுக்கு இந்தச் சடங்கு வேண்டாம்.

பிறகு தாமதிக்காமல் சாலைக்கு. இன்ஜின் சூடேறியதும் மூன்றாவது கியரில் 30 கி.மீ. வேகத்திலிருந்து 60 வரை அழுத்தமாக ஏற்றி, கியரை எடுக்காமலே காலை விட்டோம். ஏற்றும்போது ரிங் சுவரை அழுத்தித் தேய்க்கும். காலை விட்டதும் சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, கீழிருந்து கொஞ்சம் ஆயிலை இழுக்கும். உதிர்ந்த துகளை அது கழுவும், சூடும் தணியும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. டாப் கியரில் திணறவிடக் கூடாது, ஒரே வேகத்தில் நெடுநேரம் போகக் கூடாது, உச்ச சுற்றுக்கு விரட்டவும் கூடாது. அந்த வகையில் அப்பா சொன்னதும் பாதி சரிதான். புது உரசலில் சூடு அதிகம். தொடர்ந்து விரட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஊற்றியது சாதாரண மினரல் ஆயில். அன்று மாலையே அதை இறக்கி, ஃபில்டரையும் மாற்றினோம். கிண்ணத்தில் பிடித்து வெயிலில் சாய்த்தால், மீன் செதில் பொடி கலந்ததுபோல் மினுமினுத்தது. அத்தனையும் அன்று காலைவரை ரிங்கிலும் சுவரிலும் கேமிலும் இருந்த உலோகம். அப்பா விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். அடுத்த ஆயிரம் கிலோமீட்டரில் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) கோடு அநேகமாக இறங்கவே இல்லை.