சமுதாயக் கல்லூரி: எந்தச் சமுதாயத்துக்கு?

தையல், வீட்டு வயரிங், நர்ஸிங் உதவியாளர் என்று வகுப்புகளின் பெயர் எழுதிய பலகை. உச்சியில் ‘சமுதாயக் கல்லூரி’. கூட வந்த பெரியப்பா நின்று படித்துவிட்டு, “எந்தச் சமுதாயத்துக்காரங்க நடத்துறாங்க?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கம்யூனிட்டி சர்டிபிகேட் என்றால் நமக்குச் சாதிச் சான்றிதழ். கல்யாணப் பேச்சில் “நம்ம சமுதாயம்” என்றாலும் அதேதான்.

‘சமுதாயக் கல்லூரி’ என்பது ‘கம்யூனிட்டி காலேஜ்’ என்பதன் தமிழாக்கம். அது அமெரிக்காவில் பிறந்த பெயர். அங்கே கம்யூனிட்டி என்பது ஊரும் அதன் சுற்றுவட்டாரமும். பல மாநிலங்களில் அந்தப் பகுதியின் சொத்து வரியில் ஒரு பங்கு கல்லூரிக்குப் போகிறது. அதனால் உள்ளூர்க்காரருக்குக் கட்டணம் குறைவு, வெளியூர்க்காரருக்குக் கூடுதல்.

இவற்றில் மூத்தது சிகாகோவுக்குத் தென்மேற்கே உள்ள ஜோலியட் ஊர்க் கல்லூரி. 1901-ல் ஆறே மாணவர்களோடு தொடங்கியது. உள்ளூர் உயர்நிலைப் பள்ளியின் தலைவர் ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து போட்ட திட்டம் அது: பள்ளி முடித்த பிள்ளைகள் ஊரை விட்டுப் போகாமல் இன்னும் இரண்டு வருடம் படிக்கட்டும், அந்தப் படிப்பு பல்கலைக்கழகத்திலும் செல்லுபடியாகட்டும். இன்றும் அடிப்படை அதுதான். இரண்டு வருடத்தில் அசோசியேட் பட்டம் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்குப் போகலாம். இல்லையென்றால் நர்ஸிங், வெல்டிங், சமையற்கலை என்று தொழில் படித்து வேலைக்குப் போகலாம்.

முதலில் இதற்கு ‘ஜூனியர் காலேஜ்’ என்றுதான் பெயர். (மகாராஷ்டிரத்தில் அப்படிச் சொன்னால் பிளஸ் ஒன், பிளஸ் டூ, அது வேறு கதை.) அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947-ல் தந்த அறிக்கைதான் ‘கம்யூனிட்டி காலேஜ்’ என்ற பெயரைப் பரப்பியது. வேடிக்கை என்னவென்றால், மூத்ததான ஜோலியட்டே இன்றுவரை பெயரில் ‘ஜூனியர்’ஐ விடவில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். காலேஜின் மூலமான லத்தீன் ‘கொல்லேகியும்’ உடன் பணிபுரிவோரின் குழுவைக் குறித்தது. அதில் கல்வியே இல்லை. நம் ‘கல்லூரி’யிலோ கற்பது வெளிப்படையாகவே இருக்கிறது. சீவக சிந்தாமணியில் ‘கல்லூரி நற்கொட்டிலா’ என்று வரும் பழைய சொல் அது. இடையில் ‘கலாசாலை’ வந்து கொஞ்ச காலம் ஆண்டுவிட்டுப் போனது.

சிக்கல் முன்பாதியில்தான். கம்யூனிட்டியின் லத்தீன் மூலத்துக்குப் ‘பொது’ என்று பொருள். வடமொழியிலிருந்து வந்த ‘சமுதாயம்’ என்பதும் ஒரு காலத்தில் அதற்கு வெகு அருகில் இருந்தது. தஞ்சைச் சீமையில் ஒரே மிராசுதாருக்கு உரிய ஊர் ஏகபோகம். பங்காளிகள் நிலத்தைப் பொதுவில் வைத்துப் பங்குக் கணக்கில் அனுபவித்த ஊர் சமுதாயம். ஏகபோகம் மட்டும் பழைய வாசனையோடு பிழைத்துக்கொண்டது. சமுதாயம் சாதிக்குப் போய்விட்டது.

இந்தியாவில் முதலில் 1995-ல் புதுச்சேரியிலும் மறு ஆண்டு சென்னையிலும் இவ்வகைக் கல்லூரிகள் வந்தன. ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. பத்திரிகைகளில் ‘சமூகக் கல்லூரி’யும் உண்டு. என்னைக் கேட்டால் ‘வட்டாரக் கல்லூரி’ என்பேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், வட்டார வளர்ச்சி அலுவலர் என்று ஏற்கெனவே புழங்கும் சொல். இடத்தைச் சொல்கிறது, ஆளைப் பிரிக்கவில்லை. அன்று பலகையில் அப்படி இருந்திருந்தால் பெரியப்பா ஃபீஸ் எவ்வளவு என்றுதான் கேட்டிருப்பார்.