ஓபரா என்றால் இசைநாடகம்

ஏற்காட்டில் ஒரு பள்ளியின் கலை வகுப்பு. மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபராவிலிருந்து ஒரு காட்சியை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். பறவை பிடிக்கும் பாப்பகேனோ, பாம்பைக் கொன்றது தான்தான் என்று புளுகுகிறான். தண்டனையாக அவன் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுகிறார்கள். பூட்டிய வாயோடு ‘ம்ம் ம்ம் ம்ம்’ என்றே பாடுகிறான். ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லும் தெரியாத பிள்ளைகள், உதட்டை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதே மெட்டில் முனகத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “சார், ஓபரான்னா சிட்னியில இருக்கிற கட்டடம்தானே? இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?”

ஓபரா என்பது கலையின் பெயர். அந்தக் கட்டடம் அதற்கான அரங்கு. சொல் இத்தாலி மொழியிலிருந்து வந்தது. பொருள், வேலை. லத்தீனில் ‘ஓபுஸ்’ என்றால் வேலை, அதன் பன்மை ‘ஓபெரா’. ஆஸ்பத்திரியில் சொல்கிற ஆபரேஷனும், மில்லில் மெஷின் ஓட்டும் ஆபரேட்டரும் இதே வேரில் பிறந்த சொற்கள்தான். சேலத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், “எங்கப்பா ஆபரேட்டர் சார்” என்று உடனே ஒரு கை உயரும். சொல் அவர்கள் வீட்டுக்குள் வந்துவிடும்.

தமிழிலும் ‘பாடு’ என்றால் பாடுவது, ‘பாடு’ என்றால் உழைப்பு. பாட்டு வருவது ஒரு பாடிலிருந்து, ‘வயிற்றுப்பாடு’ வருவது படு என்ற வேறு வினையிலிருந்து. வேர் வேறாக இருந்தாலும், வேலை என்ற பொருளுள்ள சொல் பாட்டுக்கலையின் பெயரானதைப் புரியவைக்க இது நல்ல துணை.

தொடக்கத்தில் இந்தப் பெயரே புழக்கத்தில் இல்லை. பழைய கிரேக்க நாடகம் பாடியே நடிக்கப்பட்டது என்று நம்பிய பிளாரன்ஸ் நகரத்து அறிஞர்களும் இசைக்காரர்களும், அதை மீட்கப் போய்ப் புதிதாக ஒன்றைச் செய்துவிட்டார்கள். இத்தாலிய இசையமைப்பாளர் மான்டவெர்டி 1607-இல் அரங்கேற்றிய ‘ஓர்ஃபேயோ’வுக்கு வைத்த அடைமொழி ‘இசையில் ஒரு கதை’. 1637-இல் வெனிஸில் டிக்கெட் வாங்கி யாரும் பார்க்கக்கூடிய அரங்கு திறந்தது. ஓபராவின் பாடல் வரிகள் அடங்கிய நூலுக்கு ‘லிப்ரெத்தோ’ என்று பெயர். நேர்ப்பொருள் சின்னப் புத்தகம். நம் சினிமாக் கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நாட்டிய நாடகம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. அங்கே கதையைச் சொல்வது உடம்பு, ஓபராவில் குரல். ‘இசைநாடகம்’தான் பொருத்தம். சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த இசைநாடகங்களில் வசனமும் உண்டே, ஓபராவில் எல்லாம் பாட்டுத்தானே என்று ஒரு மறுப்பு வரும். ‘மாயப் புல்லாங்குழ’லிலும் வசனம் உண்டு, 1791-இல் வியன்னாவில் அரங்கேறியபோதே அப்படித்தான். வசனம் இருக்கிறதா என்பதல்ல கேள்வி. பாட்டை எடுத்துவிட்டால் கதை நிற்குமா? நிற்காது என்றால் அது இசைநாடகம். அந்த அளவுகோலில் சீர்காழி அருணாசலக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய இராம நாடகக் கீர்த்தனையும் இசைநாடகமே. கச்சேரிகளில் நாம் கேட்கும் ‘யாரோ இவர் யாரோ’, மிதிலையில் சீதையைக் கண்ட இராமன் பாடுவது. கதையை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

சேலத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு வழி இருக்கிறது. தெருக்கூத்து. திருவிழா இரவில் மத்தளமும் முகவீணையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் கேட்க, வேடம் கட்டியவர் பாட்டாலேயே தன்னை அறிமுகம் செய்துகொள்வது புதிதல்ல. விருத்தம் என்றால் தாளக்கட்டு இல்லாமல் நீட்டிப் பாடுவது என்பதும் அதற்குத் தெரியும். ஓபராவில் பேச்சின் நடையில் கதையை நகர்த்தும் பகுதி ‘ரெசிடடீவ்’. கதை நின்று மனசு பேசும் பாட்டு ‘ஆரியா’. இரண்டும் அப்படியே விருத்தமும் பாட்டும் ஆகிவிடாது, ஆனால் காது பிடித்துக்கொள்ள அது போதும். ஓபரா பாடகர் மைக் இல்லாமல் அரங்கின் கடைசி வரிசை வரை குரலை எட்டவைப்பார் என்றேன். முன்பெல்லாம் கூத்திலும் அப்படித்தான் என்று தாத்தா சொல்லியிருப்பதாக ஒரு பையன் சொன்னான்.

அன்று கரும்பலகையில் மேலே ‘ஓபரா’ என்றும் அதன் கீழே ‘இசைநாடகம்’ என்றும் எழுதினேன். அந்தப் பையன் எழுந்து வந்து, மூன்றாவது வரியில் ‘கூத்து’ என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டான். அதை நான் அழிக்கவில்லை. அடுத்த வகுப்புக்கு அவன் தாத்தாவை அழைத்திருக்கிறோம்.