99 சதவீதத்தில் நிற்கும் நகல்

6 ஜிபி காணொளி ஒன்றைப் பென்டிரைவுக்கு நகலெடுக்கிறீர்கள். பச்சைப் பட்டை சரசரவென்று ஓடுகிறது, வினாடிக்கு 300 எம்பி என்கிறது. பாதி வழியில் 20 எம்பிக்குச் சரிகிறது. 99 சதவீதத்துக்கு வந்ததும் அசையாமல் நிற்கிறது. கணினி தொங்கிவிட்டது என்று நினைத்துப் பென்டிரைவைப் பிடுங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆனால் எழுதும் வேலை மும்முரமாக நடப்பதும் அப்போதுதான்.

பட்டை சொல்வது, எவ்வளவு தரவை இயங்குதளம் கையில் வாங்கிக்கொண்டது என்ற கணக்கு. வாங்கியதை அது முதலில் ரேமில் வைக்கிறது, பிறகு ஆற அமர பென்டிரைவில் எழுதுகிறது. லினக்ஸில் இது அப்பட்டமாகத் தெரியும். இன்னும் எழுதப்படாத இந்தத் தரவுக்கு அங்கே 'அழுக்குப் பக்கங்கள்' என்றே பெயர். பயன்படுத்தக்கூடிய நினைவகத்தில் 20 சதவீதம் வரை அழுக்கு சேரலாம் என்பது வழக்கமான அமைப்பு. 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் அது ஏறக்குறைய 3 ஜிபி. அதாவது பாதிக் காணொளி பென்டிரைவை எட்டாமலேயே 'போய்விட்டது' என்று கணக்கில் ஏறிவிடும்.

விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, வெளியே செருகும் சாதனங்களுக்கு இப்படித் தேக்கி வைக்காத 'விரைவு நீக்கம்' முறையே இயல்பாக இருக்கிறது. அங்கும் ஆரம்ப வேகம் பொய்யாகத்தான் முடியும், காரணம் வேறு. ஃபிளாஷ் சில்லில் ஒவ்வொரு செல்லும் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் ஒரு குட்டித் தொட்டி. டிஎல்சி வகையில் ஒரு தொட்டிக்குள் 3 பிட். 8 மட்டங்களில் எதுவரை நிரப்புவது என்று அளந்து அளந்து ஊற்ற வேண்டும். 1 பிட் மட்டும் என்றால் நிறைந்ததா, காலியா என்ற 2 நிலை போதும், வேலை சட்டென்று முடியும். அதனால் இதே ஃபிளாஷ் சில்லுகளால் ஆன எஸ்எஸ்டி வட்டுகளும் பல பென்டிரைவ்களும் வரும் தரவை முதலில் 1 பிட் கணக்கில் வேகமாக வாங்கி, பிறகு 3 பிட்டாக அடுக்குகின்றன. அந்த முன்னறை நிரம்பியதும் உண்மையான வேகம் வெளிப்படுகிறது.

நடுவில் பிடுங்கினால் அந்தக் காணொளி மட்டும் போனால் பரவாயில்லை. எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்ற அட்டவணையை மாற்றி எழுதும் கணத்தில் மின்சாரம் போனால், ஏற்கெனவே பத்திரமாக இருந்தவையும் தொலையலாம். வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளில் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் 'இதைச் செய்யப் போகிறேன்' என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு கிடையாது. என்டிஎஃப்எஸ்ஸிலும் எக்ஸ்ட்4-இலும் உண்டு. ஆனால் அந்தப் பதிவேடு முதன்மையாகக் காப்பது அட்டவணையைத்தான். பாதியில் நின்ற காணொளியை அது முழுதாக்கித் தராது. ஆகவே 'எஜெக்ட்' கொடுத்து, எடுக்கலாம் என்ற செய்தி வந்த பிறகு எடுங்கள். லினக்ஸ் முனையத்தில் 'சிங்க்' கட்டளை இட்டால், அழுக்கு முழுக்க எழுதி முடியும்வரை அது திரும்பாது.

சில நேரம் பட்டை ஓடவே தொடங்காது. 'கோப்பு மிகப் பெரியது' என்று வரும், பென்டிரைவில் 50 ஜிபி காலியாக இருந்தாலும். ஃபேட்32 ஒரு கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் மட்டுமே ஒதுக்குகிறது. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. ஒரு கோப்பு அத்தனை பைட்டுக்கு மேல் போக முடியாது. நிமிடத்துக்கு 400 எம்பி பிடிக்கும் 4கே காணொளி 11 நிமிடத்துக்குள் இந்தச் சுவரில் முட்டிவிடும். எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்தால் தீர்ந்தது. விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் படிக்க அதுவே தோது. பழைய தொலைக்காட்சி, கார் ஸ்டீரியோ போன்றவை மட்டும் ஃபேட்32-தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அழியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

கைபேசியைக் கணினியில் செருகும்போது நடப்பது வேறு கதை. தொடக்க கால ஆண்ட்ராய்டு கைபேசிகள் தங்கள் மெமரி கார்டைப் பென்டிரைவ் போலக் கணினியிடமே ஒப்படைத்தன. அந்த நேரத்தில் கைபேசிக்கு அந்தக் கார்டு கிடையாது, ஏனென்றால் ஒரே அட்டவணையை இரண்டு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் திருத்தினால் இரண்டும் சேர்ந்து அதைக் குதறிவிடும். இப்போதைய எம்டிபி முறையில் கணினி கேட்கிறது, கைபேசி எடுத்துக் கொடுக்கிறது. ஜன்னல் வழியாகப் பண்டம் வாங்குவது போல. உள்ளே போய் நாமே எடுக்க முடியாது.

எம்டிபியின் எரிச்சல்கள் அத்தனையும் இந்த ஜன்னலில் இருந்து வருபவை. 8,000 படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் ஒவ்வொன்றின் விவரத்தையும் கேட்டு வாங்கியாக வேண்டும், அதனால் பட்டியலே ஊர்ந்து வருகிறது. இப்போதுதான் உருவான கோப்பு சில சமயம் கண்ணில் படாது. கைபேசியின் ஊடகப் பட்டியலில் அது இன்னும் ஏறியிருக்காது, கைபேசியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் தெரியும். ஃபோல்டரே காலி என்றால், திரைப்பூட்டு திறக்கவில்லை அல்லது யுஎஸ்பி 'சார்ஜ் மட்டும்' என்ற நிலையில் இருக்கிறது. நகலான கோப்பின் தேதி இன்றைய தேதியாக மாறிவிடுவதும் உண்டு. கேமரா எடுத்த படமென்றால் பயமில்லை, எடுத்த நாள் படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் தகவலாக இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதுவும் போய், படமும் சுருங்கும். 'ஆவணம்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

ஐபோனில் இன்னொரு வம்பு. படங்கள் ஹெச்ஈஐசி வடிவில் இருக்க, விண்டோஸுக்கு அனுப்பும்போது ஜேபெக்காக மாற்றித் தர முயன்று, 'இணைக்கப்பட்ட சாதனம் இயங்கவில்லை' என்ற பிழையோடு பாதியில் அறுந்துபோகும். கேபிளைத் திட்டிப் பயனில்லை. புகைப்பட அமைப்புகளில் 'மேக் அல்லது பிசிக்கு மாற்று' என்ற இடத்தில் 'அசலை வைத்திரு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அடங்கிவிடும்.

கேபிளைத் திட்ட வேண்டிய இடமும் உண்டு. டைப்-சி என்பது முனையின் வடிவம், வேகம் அல்ல. கைபேசியோடு வரும் பல கேபிள்கள் யுஎஸ்பி 2.0 கம்பிகளை மட்டும் கொண்டவை. ஏட்டில் வினாடிக்கு 480 மெகாபிட், நடைமுறையில் 35 எம்பி சுமார். 100 ஜிபியை அனுப்ப முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். 5 கிகாபிட் கேபிளும் அதற்கு ஈடுகொடுக்கும் சாதனங்களும் இருந்தால் ஐந்தாறு நிமிடம். எவ்வளவு நல்ல கேபிளானாலும் துண்டு துண்டான 50,000 சிறு கோப்புகளுக்கு உதவாது, ஒவ்வொன்றுக்கும் அட்டவணை வேலை தனி. அவற்றைச் சுருக்காமல் ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்புவது மேல்.

நகல் முடிந்தது, சரியாக இருக்கிறதா? பெயரும் அளவும் ஒத்துப்போவது சான்றாகாது. போலிப் பென்டிரைவ்கள் இருக்கின்றன: 512 ஜிபி என்று காட்டும், உள்ளே சில்லு 32-தான். அதைத் தாண்டியதும் பழையதன் மேலேயே எழுதும் அல்லது சத்தமில்லாமல் கீழே போடும். ஃபோல்டரில் பெயர்கள் வரிசையாகத் தெரியும், திறந்தால்தான் குட்டு வெளிப்படும். புதிதாக வாங்கியதை எஃப்3, ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற கருவிகள் முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சோதிக்கும்.

கோப்புகளை ஒப்பிட ஹாஷ் இருக்கிறது. எஸ்ஹெச்ஏ-256 எந்தக் கோப்பையும் 64 எழுத்துக் கைரேகையாக ஆக்கும், ஒரு பிட் மாறினாலும் கைரேகை அடையாளம் தெரியாமல் மாறும். விண்டோஸில் 'செர்ட்யூட்டில்' என்ற கருவி, மேக்கிலும் லினக்ஸிலும் அதற்கான கட்டளைகள் கூடவே வருகின்றன. இதில் அனுபவசாலிகளும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நகலெடுத்த கையோடு ஹாஷ் பார்த்தால், கணினி பென்டிரைவைத் தொடாமல் ரேமில் இருக்கும் பிரதியையே படித்துவிட்டு 'சரி' என்று சொல்லக்கூடும். எஜெக்ட் செய்து, கழற்றி, மறுபடி செருகிய பிறகு பாருங்கள். அதுவரை அசலை அழிக்கக் கூடாது. இதே காரணத்துக்காக ஒரு வட்டிலிருந்து இன்னொன்றுக்கு 'கட்' செய்து ஒட்டும் பழக்கமும் வேண்டாம். ஒரே வட்டுக்குள் கட் என்பது அட்டவணையில் ஒரு வரி மாற்றம், நொடியில் முடியும். வட்டு மாறினால் அது நகலெடுத்து அழிப்பது. நகல் இன்னும் ரேமில் இருக்க, அசல் போயிருக்கும்.

இனி பேக்கப். கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ சிங்க் ஆகிறதே, அது போதாதா என்றால், போதாது. சிங்க்கின் வேலை எல்லா இடத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பது. தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அந்தத் தவறையும் ஒழுங்காக எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள் பொறுக்கும், 40-ஆம் நாள் நினைவு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆப்பிளின் டைம் மெஷின் கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொரு பிரதி, கடந்த மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முன் வாரத்துக்கொன்று என்று இடம் உள்ளவரை பழையதை வைத்திருக்கிறது. பேக்கப் என்றால் அப்படிக் காலத்தில் பின்னோக்கிப் போக முடிய வேண்டும்.

ஃபோல்டர்களை நகலெடுக்கும் கட்டளைகளான ரோபோகாப்பியின் 'மிர்', ஆர்சிங்கின் 'டிலீட்' தேர்வுகளும் சிங்க் சாதிதான். மூல வட்டின் எழுத்து ஈயிலிருந்து எஃப்புக்கு மாறி, ஈ-இல் வேறொரு காலி வட்டு உட்கார்ந்திருந்தால், 'மூலம் காலி, நகலையும் காலியாக்கு' என்று பேக்கப்பைத் துடைத்துவிடும். இரண்டிலும் ஒத்திகை முறை இருக்கிறது, எதையெல்லாம் அழிக்கும் என்று பட்டியல் மட்டும் தரும். முதல் தடவை அதை ஓட்டிப் பார்க்காமல் நிஜத்தை ஓட்டாதீர்கள்.

3 பிரதி, 2 வகைச் சாதனம், 1 வேறு இடத்தில் என்ற பழைய விதி இன்றும் செல்லும். வெளி ஹார்ட் டிஸ்க் எப்போதும் செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். எடுத்து முடித்ததும் கழற்றி வையுங்கள். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் தூங்கப்போகிறது என்றால் எஸ்எஸ்டியைவிட ஹார்ட் டிஸ்க் நல்லது. மின்சாரம் இல்லாத ஃபிளாஷ் செல்லில் மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதி எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே சில்லுத் துறைக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் கணக்கு.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று கோப்புகளை எடுங்கள்: நேற்றையது, போன மாதத்தது, மூன்று ஆண்டுக்கு முந்தையது. அவற்றை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். வேறொரு கணினி என்பதில் காரணம் இருக்கிறது. விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கர் பூட்டிய வட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவியை அதே வட்டில் ஒரு கோப்பாகச் சேமித்தவர்கள் இருக்கிறார்கள். கிளவுடும் அப்படித்தான்: கைபேசி தொலைந்ததால் பேக்கப்பைத் தேடிப் போவீர்கள், அது தொலைந்த கைபேசிக்கே குறியீடு அனுப்பும். கூகுள் கணக்கில் 8 இலக்கத்தில் 10 மாற்றுக் குறியீடுகள் தருவார்கள். அவற்றையும் அந்த 48 இலக்கத்தையும் காகிதத்தில் அச்சிட்டு, கணினி இல்லாத ஓர் இடத்தில் வையுங்கள்.