நிகழ்வியல் வேண்டாம், புலப்பாட்டியல் என்போம்

போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். தொடுதிரை, ஸ்மார்ட் வாட்ச் போன்றவற்றை வடிவமைப்பவர்களுக்கான கட்டுரை. முதல் பத்தியிலேயே ‘நிகழ்வியல் அணுகுமுறை’ என்று இருந்தது. நாலு வரி தள்ளி ‘பொத்தானை அழுத்தும் நிகழ்வு’. முதலாவது தத்துவம், இரண்டாவது கணினி நிரல். படிப்பவர் இரண்டும் ஒன்றென்றுதானே நினைப்பார்? ஃபினாமினாலஜி என்பது பொருள்கள் நம் அனுபவத்தில் எப்படி வெளிப்படுகின்றன என்று ஆராயும் தத்துவம். அதை இப்படி எழுதுவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டுப் பேசாமல் கடந்திருக்கிறேன். இந்த முறை மனம் வரவில்லை.

‘ஃபைனோமெனான்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தன்னைக் காட்டுவது, வெளிப்படுவது என்று பொருள். ‘லோகோஸ்’ இங்கே இயல். நிகழ்தல் என்ற பொருள் இதில் எங்கேயும் இல்லை. மின்னலை ‘இயற்கை நிகழ்வு’ என்று பாடநூலில் படித்த பழக்கத்தில் நிகழ்வு ஒட்டிக்கொண்டது. மின்னல் எப்படி உண்டாகிறது என்பது இயற்பியலின் கேள்வி. அது பார்ப்பவருடைய அனுபவத்தில் எப்படி வந்து நிற்கிறது என்பதுதான் இந்தத் தத்துவ மரபைத் தொடங்கிய ஹுஸ்ஸர்லின் கேள்வி.

‘தோற்றப்பாட்டியல்’ என்று எழுதுவோரும் உண்டு. நிகழ்வியலைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. தோற்றம் என்றாலே உள்ளே வேறு ஏதோ உண்மை மறைந்திருக்கிறது என்ற எண்ணம் கூடவே வருகிறது. 1764-இல் தத்துவவாதி யோஹான் லாம்பெர்ட் ஃபினாமினாலஜி என்ற சொல்லை ஆண்டபோது பொய்த்தோற்றத்தைப் பற்றிய ஆய்வாகத்தான் அதைக் கருதினார். அவருக்கு இந்தச் சொல் பொருந்தும். ஹுஸ்ஸர்லுக்குப் பொருந்தாது. அப்புறம், வடிவமைப்பாளரிடம் போய்த் ‘தோற்றம்’ என்றால் அவர் நிறத்தையும் எழுத்துருவையும்தான் நினைப்பார்.

புலப்பாட்டியல் என்பதே சரி. புலன், புலம், புலப்படு எல்லாம் ஒரே குடும்பம். ‘இது ஐம்புலனோடு நின்றுவிடுமே’ என்று ஒரு நண்பர் மறுத்தார். நிற்காது. ‘அவர் நோக்கம் இப்போதுதான் புலப்பட்டது’ என்று சொல்கிறோமே, நோக்கத்தை எந்தக் கண் பார்த்தது?

ஹுஸ்ஸர்லின் வழியில் வந்த பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-பொந்தி 1945-இல் வெளியிட்ட நூலில் பார்வையற்றவரின் கைத்தடி வருகிறது. பழகிய கைக்குத் தடி தனிப்பொருளாகத் தெரிவதில்லை. தொடுபுலன் தடியின் நுனிவரை நீள்கிறது. கைப்பேசியின் கடவு எண்ணை யாராவது திடீரென்று கேட்டால் வாய் தடுமாறும். திரையைக் கையில் கொடுத்தால் கட்டைவிரல் தானே போட்டுவிடும். பிறகு அந்த விரல் போன வழியைப் பார்த்து எண்ணைச் சொல்வோம். எண்களின் இடத்தை ஒரு புதுப்பதிப்பு மாற்றிவிட்டால், அதுவரை கவனத்துக்கே வராத திரை கண்முன் வந்து நிற்கும். இதை ‘நிகழ்வு’ என்று எழுதினால் விஷயமே போயிற்று.

அதே கட்டுரையில் இன்னொரு கொடுமை, ‘உருவக ஊடாட்டம்’. ஆங்கிலத்தில் ‘எம்பாடீட் இன்டராக்‌ஷன்’. கணினி ஆய்வாளர் பால் டூரிஷ் 2001-இல் எழுதிய நூலின் மையக் கருத்து அது. உடம்போடு உலகில் இருந்துகொண்டு கருவிகளோடு பழகுவதைப் பற்றி அவர் எழுதினார். மொழிபெயர்த்தவர் அணியிலக்கணத்துக்குப் போய்விட்டார். அகராதியின் முதல் வரியோடு வேலையை முடித்துக்கொள்வதால் வரும் வினை இது.

இங்கே ‘உடல்’ என்னாமல் ‘உடம்பு’ என்பதற்கும் காரணம் உண்டு. ஜெர்மனில் உள்ளிருந்து வாழும் உடம்புக்கு ‘லைப்’, அளக்கப்படும் பொருளாகிய உடலுக்கு ‘கோர்ப்பர்’. ஹுஸ்ஸர்ல் இரண்டையும் பிரித்தே ஆண்டார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே சொல், அதனால் ஆங்கிலம் வழியாக வரும் நமக்கும் இந்த வேறுபாடு தெரியாமலே போகிறது. நம் பேச்சிலோ அது ஓரளவு இருக்கிறது. ‘உடம்பு சரியில்லை’, ‘உடம்பெல்லாம் வலிக்கிறது’ என்கிறோம். எடையும் வெப்பநிலையும் என்றால் உடல். உடற்கூறாய்வு என்போம், உடம்புக்கூறாய்வு என்று யாரும் சொல்வதில்லை. உடம்பு கொச்சை என்று ஒதுக்குவோர் திருக்குறளைத் திறந்து பார்க்கட்டும், வள்ளுவர் தாராளமாக ஆள்கிறார்.

அந்த மொழிபெயர்ப்பில் நிகழ்வியலைப் புலப்பாட்டியல் என்றும், உருவக ஊடாட்டத்தை உடம்புவழி ஊடாட்டம் என்றும் திருத்தி அனுப்பிவிட்டேன். ‘பொத்தானை அழுத்தும் நிகழ்வு’ என்பதில் கைவைக்கவில்லை. அது நிகழ்வுதான்.